குவிமாடத்தின் பின்பக்கம்

அவருடைய தலையில் முன்பாதி கறுப்பாகவும் பின்பாதி வெள்ளையாகவும் இருக்கும். காதுக்கு மேலே கோடு கிழித்ததுபோல் சாயம் நின்றுவிடும். கண்ணாடியில் பின்னந்தலை தெரியாததால் விட்டுவிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் வேலிக்கு மேலாகத் தயங்கித் தயங்கி அதைச் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தார்.

"தெரியும் தம்பி. பின்னுக்கு ஆர் பாக்கிறது? எதிரிலை வாறவனுக்கு முகம்தானே தெரியும்."

கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ என்ற பகுதியில் நான் குடியிருந்தபோது அவர் அடுத்த வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் படகு செய்யும் பட்டறை ஒன்றில் ஃபைபர் கிளாஸ் வேலை கற்று, அங்கிருந்து லண்டன் வந்தவர். நான் தமிழ்நாட்டுக்காரன், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இப்போது நான் லண்டனின் தென்கோடியில், சட்டன் பகுதியில் இருக்கிறேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் அவர் விளம்பரமாக எடுத்துக்கொள்வார்.

எங்கள் தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள். அவர் வீடு மட்டும் அரண்மனையின் வாசலைப் பெயர்த்துக்கொண்டு வந்து ஒட்டியதுபோல் இருக்கும். வாசலில் இரண்டு வெள்ளைச் சிங்கங்கள், கதவுக்கு இருபுறமும் தூண்கள், தூண்களின் தலையில் பொன்னிற இலைகள். எல்லாம் அவரே அச்சில் வார்த்தவை. தட்டினால் வாளியைத் தட்டிய சத்தம் வரும். பின்பக்கம் வேறு கதை. சமையலறையை ஒட்டி நீட்டிக் கட்டிய தட்டைக் கூரை அறையின் மேல் ஒரு நீலத் தார்ப்பாய் கிடந்தது. நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்றும் கிடந்தது, வீட்டைக் காலி செய்த வருடத்தின் தொடக்கத்திலும் கிடந்தது. ஓரங்கள் நைந்து, பாசி பிடித்து, மழை பெய்தால் நடுவில் குளம் கட்டி நிற்கும்.

அந்த அறையில் அவருடைய மனைவி படுத்துக்கொள்வார். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் இருமுவது என் சமையலறைக்குக் கேட்கும். ஒருமுறை ரசம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அறையைப் பார்த்தேன். கூரை மூலையில் தொடங்கிய கரும்பூஞ்சை சுவர் வழியே இறங்கிக் கட்டிலின் தலைமாடு வரை வந்திருந்தது.

"முன் அறை சும்மாதானே இருக்கு அக்கா? அங்க படுக்கலாமே?" என்று கேட்டேன்.

"முன் அறை றோட்டுக்குத் தெரியும் தம்பி. கட்டில் போட்டால் வடிவில்லையாம். அவரோடை கதைச்சு வெல்ல ஏலாது."

முன் அறையில் கண்ணாடிப் பொத்தான் பதித்த வெல்வெட் சோபா ஒன்று, இரவும் பகலும் திரை விலக்கிய ஜன்னலுக்கு நேரே, யாரும் உட்காராமல் கிடந்தது.

அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. எதற்கும் அதையே சொல்வார். "றோட்டிலை நிண்டு பாத்தால் தெரியாது." பனி பெய்தால் முன்வாசலை மட்டும் வழிப்பார். ஒருமுறை என் வாசலையும் சேர்த்து வழித்தபோது, நல்ல மனிதர் என்று எண்ணி நன்றி சொன்னேன். "றோட்டிலை இருந்து பாக்க ரெண்டும் ஒண்டாத்தானே தெரியும்" என்றார். கோட்டின் உள்ளே அவர் அணிகிற சட்டையில் மார்புப் பகுதி மட்டும் இஸ்திரி போட்டிருக்கும். ஒரு கல்யாண வீட்டில் வெக்கை தாங்காமல் கோட்டைக் கழற்றியபோது பார்த்தேன். முதுகு கசக்கிப் போட்ட காகிதம்போல் இருந்தது, அக்குளில் பழைய மஞ்சள் கறை.

ஜெர்மனியிலிருந்து யாரையாவது பிடித்து வரவழைக்கிற சின்னச் சுருட்டு ஒன்றைப் புகைப்பார். அதன் வாய்ப்பகுதி வெள்ளை பிளாஸ்டிக். புகைத்து முடித்ததும் அந்த வெள்ளைத் துண்டை, பல் பதிந்த தடத்தோடும் எச்சிலோடும், பின்வேலிக்கு மேலாக என் தோட்டத்தில் எறிந்துவிடுவார். முன்வாசலில் ஒன்றைக்கூடப் போட்டதில்லை. நான் கையுறை போட்டுக்கொண்டு கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து அவற்றைப் பொறுக்குவேன். கேட்டதற்கு, "உம்மடை பின்பக்கம்தானே தம்பி" என்றார், சலுகை கொடுத்த குரலில்.

என் பொழுதுபோக்கையும் இங்கே சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் எந்தக் கட்டிடம் முன்பு என்னவாக இருந்தது என்று தேடிப் பார்த்து எழுதிவைப்பது. சினிமாக் கொட்டகை தேவாலயமானது, யூதர்களின் ஜெப ஆலயம் மசூதியானது, மதுக்கடை எங்கள் பிள்ளையார் கோயிலானது. படம் எடுத்தால் நான்கு திசையிலிருந்தும் எடுப்பேன், தேதி போட்டு வைப்பேன். இந்தப் பழக்கம்தான் என்னைப் பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் இருந்த ஒரு சின்ன குருத்வாராவுக்குக் கொண்டுபோனது. அது முன்பு டயர் கிடங்காக இருந்த கட்டிடம். தட்டைக் கூரை, மாடியில் நீளமான ஜன்னல்கள், சுவரில் பழைய கம்பெனியின் எழுத்துகள் சுண்ணாம்புக்கு அடியில் இன்னும் மங்கலாகத் தெரிந்தன.

தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான் அங்கே போக ஆரம்பித்தேன். எனக்குக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டியவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள். டாகன்ஹாம் கார் தொழிற்சாலையில் இருக்கைக்கு உறை தைத்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. முழங்கால் மடங்காது. அதனால் லங்கருக்கு, அதாவது வருகிற எல்லோருக்கும் அங்கே போடுகிற பொதுச் சாப்பாட்டுக்கு, வெங்காயம் நறுக்கும்போது அவர் மட்டும் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்.

"கீழே சமையல், சாப்பாடு. மேலே தர்பார் கூடம். ஏன் மேலே என்று கேள்."

"ஏன் ஆன்ட்டி?"

"எங்கள் வேதமான குரு கிரந்த் சாகிப் இருக்கிற இடத்துக்கு மேலே யாருடைய காலும் படக்கூடாது. மேலே வானம் மட்டும்தான்."

நான்கு கதவுகளையும் காட்டினார். குருத்வாரா நான்கு திசைக்கும் திறந்திருக்க வேண்டும், எந்தத் திசையிலிருந்து எந்தச் சாதிக்காரன், எந்த மதத்துக்காரன் வந்தாலும் அது அவனுடைய வாசல் என்பது அவர்களின் கட்டிடக் கலையில் ஊறிய எண்ணம். புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஒரு டயர் கிடங்கில் அதைத் தேடிக் கண்டுபிடித்ததை ஆன்ட்டியிடம்தான் பார்த்தேன். தெருவைப் பார்த்த பெரிய கதவு ஒன்று, சக்கர நாற்காலிக்காகப் பக்கவாட்டில் திறந்த கதவு ஒன்று, சமையலறைக் கதவு ஒன்று, பின்முற்றத்துக்குப் போகும் அவசர வழிக் கதவு ஒன்று. "நாலு இருக்கிறது, பார்த்தாயா?" என்று விரல் விட்டுக் காட்டினார். "எனக்கு இதில் முன் எது பின் எது என்று கிடையாது. பின்முற்றத்தில்தான் நாங்கள் வெங்காயம் நறுக்குகிறோம். சமையல்காரர்களுக்கு அதுதான் வாசல்."

இதை வேலிக்கு மேலாக அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னபோது சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "நாலு கதவோ? கள்ளன் வாறதுக்கே?"

ஆனால் காது கொடுத்திருக்கிறார், அங்கே தனக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று. அந்த குருத்வாராவின் நிர்வாகக் குழு கட்டிடத்தின் மேல் ஒரு குவிமாடம் வைக்க விரும்பியது. தெருவில் போகிறவனுக்கு இது என்ன இடம் என்று தெரிய வேண்டும், வெளியே நிற்கிற நிஷான் சாகிப் கொடிக்கம்பம் மட்டும் போதாது என்று நினைத்தார்கள். நியாயமான ஆசை. எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டு, கடைசியில் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அவருடைய முன்வாசலைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

அவருடைய பட்டறை பார்க்கிங்கில் ஒரு தொழிற்பேட்டையின் கோடியில் இருந்தது. ஒரே ஒருமுறை போனேன். ரெசின் பசையின் நாற்றம் தொண்டையில் எண்ணெய்போல் படிந்தது. மூலையில் அவருடைய பெரிய அச்சு கவிழ்ந்து கிடந்தது.

"ஒரு அச்சுத்தான் தம்பி. கோயிலெண்டால் மேலை கலசம். மசூதியெண்டால் பிறை. உந்தச் சீக்கிய ஆக்களெண்டால் வாளும் வளையமும். கலியாண ஹோலெண்டால் சுத்திவர லைட். கீழை எல்லாம் ஒண்டு."

இதில் எனக்குக் கோபம் வரவில்லை. சீக்கியர்களின் குவிமாடமே மொகலாயரின் கட்டிடங்களிலும் ராஜபுத்திரரின் மாடங்களிலும் பழகிவிட்டு வந்ததுதான். வரிவரியாகப் புடைத்த உடல், அடியில் விரிந்த தாமரை இதழ், உச்சியில் கவிழ்ந்த தாமரை, அதன் மேல் குடம். கைமாறிக் கைமாறி வந்த வடிவம், எல்லோருக்கும் சொந்தம். அதைச் செய்கிற கை எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. இதழ்களை எண்ணிக்கொண்டு வந்தவன், பாதிச் சுற்றில் இதழ் நின்றுபோயிருப்பதைப் பார்த்தேன். மறுபாதி வழவழப்பில்லாத மஞ்சள் நார். பல்லிடுக்கில் சிக்கிய நார்போல் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இது இன்னும் முடியலையா அண்ணா?"

"அண்ணா இல்லை, அண்ணை. எத்தினை தரம் சொல்லுறது? அது முடிஞ்சுது. அது பின்பக்கம்."

மார்ச் கடைசியில், கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் குவிமாடம் ஏறியது. சீக்கியர்களின் பெருநாளான வைசாகி ஏப்ரல் நடுவில். தெருவிலிருந்து பார்த்தபோது, ஒப்புக்கொள்கிறேன், அழகாகவே இருந்தது. பேருந்தின் மேல்தட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிர்வாகக் குழுச் செயலாளர், நல்ல மனிதர், என் தோளில் கையைப் போட்டு, "உங்கள் தமிழர் செய்தது" என்றார்.

வைசாகிக்கு முந்திய சனிக்கிழமை வழக்கம்போல் நான்கு திசையிலிருந்தும் படம் எடுக்கப் போனேன். மூன்றாவது படத்துக்குப் பின்முற்றத்துக்கு வந்தேன். ஆன்ட்டியும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய தலைக்கு நேர் மேலே, கூரையின் விளிம்பை ஒட்டி, அந்த மஞ்சள் முதுகு. தெருவில் தூரத்தில் நிற்க இடம் இருந்தது, இங்கே இல்லை. கழுத்தை ஒடித்துத்தான் பார்க்க வேண்டும்.

"எங்கள் பக்கம் மட்டும் ஏன் தோல் உரித்ததுபோல் இருக்கிறது?" என்று ஆன்ட்டி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மேலே 'டக்' என்று ஒரு சத்தம்.

"அது அடிக்கடி கேட்கிறது. புறா என்று நினைக்கிறோம்."

அன்று காற்று இருந்தது. அவசர வழிக்காகச் சுவரில் பொருத்திய இரும்புப் படியில் ஏறிப் பார்த்தேன். குவிமாடத்தின் அடியில் ஓடும் விளிம்பில் முன்பக்கத்துத் துளைகள் எல்லாவற்றிலும் போல்ட் இருந்தது, அவற்றின் தலைக்கு வெள்ளை மூடிகூடப் போட்டிருந்தது. பின்பக்கத்துத் துளைகள் காலி. அவற்றின் வழியே வெளிச்சம் தெரிந்தது. ஒரு மரத்துண்டை ஆப்பாகச் செருகியிருந்தார். காற்று உள்ளே புகும்போது பின்விளிம்பு மெல்லத் தூக்கி, மறுபடி உட்கார்ந்தது. டக்.

இறங்கி வந்து ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தை முழுதாக நறுக்கி முடித்துவிட்டு, பஞ்சாபியில் இரண்டு வார்த்தை சொன்னார். பெண்கள் எழுந்து மூட்டைகளைச் சமையலறைக்குள் இழுத்தார்கள்.

நேரே வீட்டுக்குப் போனேன். அவர் சிங்கத்தின் பிடரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பின்பக்கம் போல்ட்டே இல்லை."

"காத்து எப்பவும் றோட்டுப் பக்கத்தாலைதான் வரும் தம்பி. முன்னுக்கு இறுக்கி வைச்சிருக்கிறன்."

"காத்துக்கு றோடு தெரியுமா? கீழ பொம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க."

"பின்னுக்கு போல்ட் அடிக்க அந்தப் பக்கமும் சாரம் கட்ட வேணும். ஆர் ஏறிப் பாக்கிறது? நீங்கள் இந்தியா ஆக்கள், எல்லாத்தையும் புத்தகத்திலை பாத்துப் பயப்பிடுறியள்." சிங்கத்தின் மூக்கை ஒருமுறை துடைத்தார். "றோட்டிலை நிண்டு பாத்தால் ஏதும் தெரியுதோ? சொல்லும் பாப்பம்."

கை கழுவ வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மாலையில் செயலாளரிடம் போனேன். முகம் வெளுத்துப்போனார். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் வந்து குவிமாடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. "வைசாகி முடியட்டும். மறுநாளே ஆளை விட்டு இறுக்கிவிடுவோம். காற்று அவ்வளவு பலமாக இல்லையே?" என்றார். சமையலறைக்குள் இடம் போதாது, பெண்கள் பின்முற்றத்திலேயே வேலையைப் பார்க்கட்டும், சுவர் ஓரமாக உட்காரட்டும் என்றார். நான் கவுன்சிலின் கட்டிடப் பிரிவுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை நான் போனபோது தெருவாசல் படிக்கட்டு முழுக்கப் பெண்கள். பலகை, கத்தி, வாளி, நாலு மூட்டை வெங்காயம். தோல் காற்றில் பறந்து நடைபாதையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுப்படியில் நீல நாற்காலியில் ஆன்ட்டி. தெருவில் போகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்கள். செயலாளர் கும்பிட்ட கையோடு நின்றார். கவுன்சிலர், கறுப்புக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி, எங்கே கால் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரும் வந்தார். கோட்டு சூட்டு, கழுத்துப்பட்டி, அன்று புதிதாகப் பூசிய முன்தலை. வெங்காயத்தைப் பார்த்ததும் முகம் கோணியது.

"உவையை உங்காலை போகச் சொல்லும் தம்பி" என்றார் என்னிடம். பிறகு ஆன்ட்டியிடம் ஆங்கிலத்தில், "பின்னால் போங்கள், பின்னால். இங்கே போட்டோ" என்று கையை ஆட்டினார்.

ஆன்ட்டி எழுந்தார். கத்தியைப் பலகையில் வைத்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, முழங்காலை இழுத்து இழுத்து, பெரிய கதவு வழியே உள்ளே போய், சாப்பாட்டுக் கூடத்தைக் கடந்து, பின்முற்றத்துக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனோம். கவுன்சிலரும் வந்தார். முற்றத்தின் நடுவில், அந்த மஞ்சள் முதுகுக்கு நேர் கீழே, ஆன்ட்டி நாற்காலியை வைத்தார். கையால் இருக்கையைத் துடைத்தார்.

"நீங்கள் செய்தது. ஒரு மணி நேரம் இதில் உட்காருங்கள். நான் சாய் கொண்டுவருகிறேன். பிறகு நாங்கள் பின்னாலேயே உட்காருகிறோம்."

அவர் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார், மேலே பார்த்தார். அப்போது பெரிய காற்றுகூட இல்லை. வெங்காயத் தோல் ஒன்று முற்றத்தில் மெல்ல உருண்டது. டக் என்றது.

அவர் அரை அடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்கு வேறை வேலை கிடக்கு" என்றார், யாரிடம் என்றில்லாமல், தமிழில்.

விவரம் தெரியாத மனிதர், தொழிலில் அசட்டை, அவ்வளவுதான் என்று அதுவரை எனக்குள் ஒரு மூலையில் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அரை அடியில் அது போய்விட்டது. எங்கே உட்காரக்கூடாது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில்தான் எட்டுப் பெண்களை உட்காரவிட்டிருந்தார்.

செயலாளர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். அன்று பகலிலேயே முற்றத்தையும் அதன் பின்னால் இருந்த குறுகிய பாதையையும் அடைத்தார்கள். செவ்வாய்க்கிழமை கிரேன் வந்தது.

குவிமாடம் காற்றில் சுற்றிச் சுற்றி இறங்கியபோது தெருவே பார்த்தது. முற்றத்தில் அதைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். முதல்முறையாக அதன் உட்புறம் தெரிந்தது. கூரையில் வைத்து, உள்ளே இருந்தபடி அவர் ஒட்டுவேலை செய்த நாட்களின் மிச்சம் எல்லாம், உள்விளிம்பின் பள்ளத்தில் தங்கியிருந்தது, கொட்டியது. பொரித்த கோழிப் பெட்டிகள், எலும்பு, எறும்பு. ஒரு பிளாஸ்டிக் போத்தல், அதில் இருந்தது என்னவென்று எழுத வேண்டியதில்லை. பிறகு கைநிறைய, கைநிறைய, பல் பதிந்த வெள்ளைத் துண்டுகள். என் கறிவேப்பிலைத் தொட்டியில் பொறுக்கிய அதே சுருட்டு முனைகள்.

சீக்கியர்கள் புகையிலையைத் தொடுவதில்லை. அதுவும் குரு கிரந்த் சாகிப்பின் தலைக்கு மேலே. வானம் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில். இளைஞர்கள் சிலர் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் புறப்பட்டார். ஆன்ட்டி அந்த இளைஞரின் சட்டையைப் பிடித்து நிறுத்தி, கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

வெந்நீர், சோப்பு, வாசல் கூட்டும் துடைப்பம். நானும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டேன். அந்த நாரில் எச்சில் காய்ந்து கறுத்திருந்தது. இரண்டு முறை வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தேன். ஆன்ட்டிக்குக் குனிய முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டுகிற வரை தேய்த்தார். திருப்பிக் கொடுக்கப்போகிற பொருளை எதற்கு ஆன்ட்டி இப்படி என்று கேட்டேன். "நம் வீட்டுத் தலையில் இருந்துவிட்டது. அழுக்காகவா அனுப்புவது?" என்றார்.

குவிமாடத்தை எடுத்துப்போக அவர் வேன் கொண்டுவந்தார், தலை குனியாமல். உள்ளே எட்டிப் பார்த்தார். கழுவி, துடைத்து, உலர்த்திய உட்புறம். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "இதை ஏன் கழுவினவை? உள்பக்கம் ஆருக்குத் தெரியும்?" என்று என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

பின்னால் அந்த குருத்வாராவில் வேறொருவர் சின்னதாக ஒரு குவிமாடம் செய்து வைத்தார். முன்னதைவிட அழகு குறைவு. நான்கு படமும் என்னிடம் இருக்கின்றன. எது எந்தத் திசை என்று பின்னால் எழுதியிருப்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் குவிமாடம் என்னவானது என்பதோடு இதை முடிக்க வேண்டும். ஒரு கோடைகாலச் சனிக்கிழமை, நான் கடைக்குப் போய் வந்தபோது அது அவர் வீட்டின் பின் அறைக் கூரையில் ஏறியிருந்தது. தார்ப்பாய் இருந்த இடத்தில். அவருடையது தெருக்கோடி வீடாகையால் பக்கத்துச் சந்தின் வழியே தெருவுக்குத் தெரியும். தாமரை இதழ்கள் தெருவைப் பார்த்திருந்தன. மஞ்சள் முதுகு என் சமையலறை ஜன்னலைப் பார்த்திருந்தது. அதற்குக் கீழே அக்காவின் கட்டில்.

அன்றே வேலியருகில் அக்காவைக் கூப்பிட்டேன். குருத்வாராவில் நடந்ததை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார், மீதியை நான் சொன்னேன்.

"போல்ட் போட்டிருக்காரா அக்கா?"

"முன்னுக்குப் போட்டிருக்கிறார் தம்பி."

அதைச் சொன்னபோது அவர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. நான் கவுன்சிலுக்கு எழுதப்போவதாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். "அவை எப்ப வருவினம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த முதுகை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அந்த மனிசி வெங்காயத்தை எங்கை கொண்டுபோய் வைச்சவ எண்டு சொன்னியள்?" என்று கேட்டார். முன்படியில் என்றேன். இருமிக்கொண்டே உள்ளே போனார்.

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். எங்கள் வீடுகளுக்கு முன்னால் நடைபாதையில் ஒருவர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். வெள்ளைப் பின்னந்தலை. யாரோ முதியவர் வழி தவறி நிற்கிறார் என்று எண்ணி அருகில் போன பிறகுதான் அது அவர் என்று தெரிந்தது.

தன் வீட்டின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை விலக்கிய பெரிய ஜன்னலுக்குள் வெல்வெட் சோபா இல்லை. அது வாசலில், ஒரு சிங்கத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. ஜன்னலில் பூஞ்சை ஏறிய தலைமாட்டோடு அக்காவின் கட்டில். அதன் மேல் மருந்துப் போத்தல்கள், ஆவி பிடிக்கும் பாத்திரம். கயிறு கட்டி முதியோர் இல்லத்துச் சீருடை இரண்டும் உள்பாவாடைகளும் காயப்போட்டிருந்தன. அக்கா தலையணையில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது? றோட்டாலை போற சனம் எல்லாம் பாக்குது!" என்று அவர் கத்தினார்.

அக்கா ஜன்னலை ஒரு சாண் தூக்கினார்.

"பாக்கட்டும்" என்றார். "பின் அறை இப்ப சும்மாதான் கிடக்கு. நீங்கள் போய்ப் படுங்கோ."